சுத்தமான ரத்தம்

"மாத்திட்டீங்க! அந்தப் பையனோட ரத்தத்தையும் என் ரத்தத்தையும் மாத்திட்டீங்க!"

மரக்கடைக்காரர் கைத்தடியால் தரையைத் தட்டிய தட்டில், லேபில் காத்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

லேப் மேடம் அசரவில்லை. "முதல்ல உக்காருங்க சார். எந்தப் பையன்?"

"கட்டினா அவனைத்தான் கட்டுவேன்னு என் பொண்ணு ஒத்தைக் கால்ல நிக்கிறாளே, அவன்! கல்யாணத்துக்கு முன்னாடி பாக்குற ஹீமோகுளோபின் வகை டெஸ்டை ரெண்டு பேரும் இங்கதான் எடுத்தாங்க. இவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவனுக்குத்தான் ரத்தத்துல என்னவோ எஸ்ஸாம்!"

பக்கத்தில் இருந்த மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அது நோய் இல்லப்பா, பரம்பரையா வர்ற சிக்கிள் செல் கூறு, அவ்வளவுதான். எனக்கு அது இல்லாததால குழந்தைங்களுக்கும் நோய் வராதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டரா பொண்ணு குடுக்கப் போறாரு? நான்ல குடுக்கணும்!"

பையனின் வேலை, குணம், குடும்பம் எதிலும் குறை கண்டுபிடிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்த மரக்கடைக்காரருக்கு, லட்டு மாதிரி கிடைத்தது அந்த ரிப்போர்ட். பிடித்தார் ஒரே பிடியாக. வாசற்படி ஏறக்கூடாது என்று பையனிடம் முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டார். அதோடு விட்டாரா? 'எங்க வம்சத்து ரத்தம் எப்படின்னு காட்டுறேன்' என்று வீம்புக்குத் தானும் அதே டெஸ்டை எடுத்துக்கொண்டார்.

வந்ததோ, அவருக்கும் எஸ்!

லேப் மேடம் உள்ளே போய், டெஸ்ட் செய்த பட்டையை எடுத்துவந்து வெளிச்சத்தில் காட்டினாள்.

"இந்தத் தடிமனான கோடு எல்லாருக்கும் இருக்குறது. பக்கத்துல மெல்லிசா ஒண்ணு தெரியுதே, அதுதான் எஸ். பிறவியிலேயே இருந்தா அதுவும் தடிமனா விழும். இது இத்துனூண்டுதான் இருக்கு. சமீபத்துல உங்களுக்கு ரத்தம் ஏத்தினாங்களா?"

"ஆமா. போன மாசம் கடையில கட்டை சரிஞ்சு தொடை எலும்பு முறிஞ்சுது. ஆபரேஷன்ல ஏத்தினாங்க."

"அன்னைக்கே கேட்டேனே சார்!"

"நோய் நொடியைப் பத்திக் கேக்குறீங்கன்னு எல்லாத்துக்கும் இல்லைன்னுட்டேன்."

"நல்லா சொன்னீங்க போங்க! இந்த எஸ் உங்களோடது இல்லை. ரத்தம் குடுத்தவரோடது."

போன உயிர் திரும்பி வந்தது மரக்கடைக்காரருக்கு. கூடவே கோபமும் வந்தது.

"எவன் அவன், குறை ரத்தத்தை என் தலையில கட்டினவன்?"

"அது நல்ல ரத்தம்தான் சார். எஸ் இருக்குறவங்க தாராளமா ரத்தம் குடுக்கலாம். உங்களுது நெகட்டிவ் குரூப். அன்னைக்கு அது கிடைக்காம இருந்திருந்தா, இங்க வந்து சத்தம் போட நீங்க இருந்திருப்பீங்களோ என்னவோ."

"அதெல்லாம் இருக்கட்டும். ஆளு யாருன்னு தெரியணும் எனக்கு."

மகள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்க வாசப்படி ஏறக்கூடாதுன்னு சொன்னீங்களே, அவருதான்பா."

மரக்கடைக்காரருக்கு அவமானத்தில் முகம் சிவந்து, கண் கலங்கிப் போனது. மகள் பக்கம் திரும்பினார்.

"இத்தனை நாளா ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருப்பா. ரத்தத்தைக் குடுத்துட்டு, பதிலுக்குப் பொண்ணைக் கேக்குற மாதிரி ஆயிடுமாம்."

லேப் மேடத்துக்கே மனசு கேட்கவில்லை. "கவலைப்படாதீங்க சார். மூணு நாலு மாசத்துல அந்த ரத்தமெல்லாம் தானா போயிடும். அப்ப வாங்க, இன்னொரு தடவை பாத்துட்டு, உங்க ரத்தம் சுத்தம்னு நானே ரிப்போர்ட் தர்றேன்."

"அப்ப எனக்கு ஏதும்மா நேரம்?" என்றபடி மரக்கடைக்காரர் தடியை ஊன்றி எழுந்தார். "கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்குமே!"