ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மட்டை

"உதுவும் சரிவராது. வேறை காட்டும்."

நாலாவது ரென்னிஸ் மட்டையையும் மேசையில் வைத்துவிட்டார் நமசிவாயம். கடைக்கார மரியரட்ணத்துக்குப் பத்திக்கொண்டு வந்தது. யாழ்ப்பாண நகரத்தில் விளையாட்டுச் சாமான் கடை போட்டுப் பதினாறு வருசம். இப்படி ஒரு அரியண்டத்தை அவன் கண்டதில்லை.

இந்திய ஆமி யாழ்ப்பாணத்தை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகிறது. எண்பத்திமூன்றிலிருந்து பூட்டிக் கிடந்த ரென்னிஸ் கிளப்பில் புல்லைச் செருக்கி, கோடு போட்டு, வலையும் கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான், ஊரிலுள்ள பென்சன்காரர் எல்லாருக்கும் வாலிபம் திரும்பிவிட்டது!

இந்த நமசிவாயம் வங்கி மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். வயது அறுபத்திரண்டு. கோப்பாயிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்தார். கடைக்குள் முதலில் தொந்தி வந்தது, பிறகுதான் அவர் வந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை பொன்னம்பல மாஸ்டரோடை மாட்ச், மரியரட்ணம். எனக்கு முக்கியமான மாட்ச். மட்டை பிழைச்சால் எல்லாம் பிழைச்சுப் போம்."

"ஓம் ஐயா, விளங்குது" என்றவன், மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மச்சான் செபநாயகத்தின் பக்கம் குனிந்தான். "ஒலிம்பிக்குக்குப் போறார்."

செபநாயகம் பேப்பருக்குப் பின்னால் குலுங்கினான்.

ஐந்தாவது மட்டை போன கிழமைதான் கொழும்பிலிருந்து வந்தது. கடையிலேயே அதுதான் ராசா. நமசிவாயம் அதில் ஒரு பந்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பந்து ஒவ்வொரு முறையும் மட்டையின் நடுவிலேயே வந்து விழுந்தது. இனி இதை விடமாட்டார் என்று மரியரட்ணம் பில் புத்தகத்தை எடுத்தான்.

"சீ, உது வேண்டாம்."

"ஏன் ஐயா? இதைவிடத் திறமானது யாழ்ப்பாணத்திலையே இல்லை!"

"எனக்குச் சரிவராது. இன்னும் பாரமான மட்டை ஏதும் கிடக்கோ?"

பாரமானதா? இந்த வயதில் பாரமான மட்டையைச் சுழற்றினால் முழங்கை என்னத்துக்கு ஆகும்? மரியரட்ணத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மட்டை தேடுகிற சாட்டில் மறுபடி குனிந்தான்.

"உவர் முந்திச் சம்பியனாம், மச்சான். ஆரை வெண்டாரோ தெரியாது."

"தன்ரை பாங்குப் பியூன்மாரை வெண்டிருப்பார்" என்றான் செபநாயகம்.

அப்போதுதான் சுவரில் தொங்கிய அந்தப் பழைய மர மட்டை மரியரட்ணத்தின் கண்ணில் பட்டது. ஏழு வருசமாகத் தொங்குகிறது. கூரை ஒழுக்குப் பட்டு வளைந்துபோன மட்டை. நரம்பு அறுந்தபோது, குருநகரில் மீன்பிடிக்கும் சித்தப்பாவிடம் தங்கூசி வாங்கி அவனே பின்னிவிட்டிருந்தான். தூண்டில் போடுகிற அந்த நைலோன் நூல்தான். அந்த மட்டையால் அடித்த பந்து எங்கே போகும் என்று ஆண்டவருக்குக்கூடத் தெரியாது. வாங்கிப்போன மூன்று பேரும் மூன்றாம் நாளே கொண்டுவந்து எறிந்துவிட்டுப் போனார்கள்.

மனிசன் கேட்டு வந்து நிற்கிறார், கொடுத்தால் என்ன?

மரியரட்ணம் அதைத் தூசி தட்டி இரண்டு கையாலும் நீட்டினான்.

"ஐயா, இது இங்கிலாந்துச் சாமான். கண்டவனுக்கும் நான் காட்டிறேல்லை. உங்களைப் போல விளையாடின ஆக்களுக்குத்தான் இதின்ரை அருமை தெரியும்."

நமசிவாயம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டையின் விளிம்போடு பார்த்தார். பின்னலை நகத்தால் சுண்டினார். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தது. மரியரட்ணத்தின் நெஞ்சும் ஒருமுறை டொக்கென்றது.

"வளைவு கிளைவு ஒண்டும் இல்லையே?"

"அந்தோனியார் அறிய இல்லை, ஐயா!"

நமசிவாயம் பந்தைத் தட்டினார். முதல் பந்து அலுமாரிக்குக் கீழே ஓடியது. இரண்டாவது, செபநாயகத்தின் பேப்பரில் போய் மோதியது.

மரியரட்ணம் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது நமசிவாயத்தின் முகம் மலர்ந்து போயிருந்தது.

"இதுதான் காணும்! இதைத்தான் தேடித் திரிஞ்சனான். கட்டும்."

விலைகூடப் பேசவில்லை. கேட்டதைக் கொடுத்தார். மரியரட்ணம் மட்டையைப் பேப்பரில் சுற்றும்போது செபநாயகம் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். படித்த மனிசராம், பெரிய மனேச்சராம். மட்டைக்கும் அகப்பைக்கும் வித்தியாசம் தெரியவில்லை! இவரை நம்பி எப்படித்தான் ஊர்ச்சனம் காசைப் போட்டதோ?

நக்கலை அவனால் விடமுடியவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை பொன்னம்பல மாஸ்டரின்ரை பாடு கஷ்டந்தான், ஐயா!"

வாசலில் சைக்கிளைப் பிடித்த நமசிவாயம் திரும்பினார். திரும்ப உள்ளே வந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"எண்பத்தேழிலை ஷெல் பட்டு மாஸ்டருக்கு வலக்கை வழங்காமல் போனது உமக்குத் தெரியுந்தானே? அண்டு தொடக்கம் படலையைத் தாண்டாத மனிசன். இப்ப இடக்கையாலை விளையாடப் போறன், வா எண்டு எனக்கு ஆளனுப்பியிருக்கிறார்."

மரியரட்ணம் பில் புத்தகத்தை மூடி வைத்தான்.

"நான் விட்டுக்குடுத்து விளையாடினால் ஒரு நிமிசத்திலை கண்டுபிடிச்சிடுவார். பிறகு செத்தாலும் வெளியிலை வரமாட்டார்."

மறுபடி வாசலுக்குப் போய், மட்டையைச் சைக்கிள் கரியரில் பத்திரமாக வைத்துக் கட்டிவிட்டு, நமசிவாயம் சொன்னார்:

"உம்மடை வளைஞ்ச மட்டையும் தங்கூசியும் எண்டால், நான் முழுமூச்சாய் விளையாடியே அவரிட்டைத் தோற்கலாம்."