காதும் மீசையும்

"இன்னைக்காவது உண்மையைச் சொல்லிடு. நீ யாரு?"

அவள் விளக்கைக் கிட்டே இழுத்து வெளிச்சத்தை நேராக முகத்தில் அடித்தாள். பதினோரு மாதமாக இதே கேள்வி, இதே கல்லுளிமங்கத்தனம்.

மேசைமேல் கிடந்தது ஒரு காய்ந்த காட்டு மல்லிகைக் கொடி. கெட்டித் தாளில் ஒட்டி, மூலையில் எண் போட்டு, பெயருக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அந்தக் கட்டம் நிரம்பினால்தான் அவளுக்கு முனைவர் பட்டம். பட்டம் கைக்கு வந்தால்தான் வீடு. வீட்டில் நான்கு வயது மகள் அப்பாவோடு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

காட்டு மல்லிகைகள் அக்காள் தங்கை மாதிரி இருந்து ஆளை ஏய்க்கும். இலைக்காம்பில் காது போல இரண்டு குட்டி இலைகள் இருந்தால் ஒரு இனம். அதற்கு அவள் வைத்த பெயர் காதுக்காரி. பூவின் அடியில் இருக்கும் பச்சைப் பற்கள் நீண்டு, முடி முளைத்து நின்றால் வேறு இனம், அது மீசைக்காரி. காதுக்காரிக்கு மீசை கிடையாது, மீசைக்காரிக்குக் காது கிடையாது. தாளில் இருந்தவளுக்கோ இரண்டும் இருந்தன.

கதவு திறந்தது. பதினைந்து வருடமாகத் தாளில் செடி ஒட்டும் பசையக்கா, இடுப்பில் சாவிக்கொத்தும் கையில் ஒரு கட்டுத் தாளுமாக வந்தாள். பூச்சி வராமலிருக்க ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்ட அறை அது. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்பக்கக் கைப்பிடி கழன்று விழுந்து பல மாதம் ஆயிற்று. உள்ளேயிருந்தும் அக்காவின் சாவியால்தான் திறக்கும்; மணியடித்து அவளைக் கூப்பிட்டால்தான் வெளியே போக முடியும்.

"வாசல்ல மல்லிக் கொடி பூத்துக் கொட்டிக் கிடக்கு. ஒரு தரமாவது நிமிர்ந்து பாத்தியா, பாப்பா?"

"பூன்னாலே பத்திக்கிட்டு வருதுக்கா."

"அது சரி." அக்கா தாள்கட்டை அலமாரியில் அடுக்கினாள். "இந்தப் புதுப் பொண்ணு ஒட்டின லட்சணத்தைப் பாரு, ஒரே மூளி. என் கையால ஒட்டினதுல ஒண்ணு மூளின்னு சொல்லு பாப்போம், வேலையை விட்டுடறேன்!"

அவள் தலையாட்டிவைத்தாள். அக்கா போக, கதவு சாத்திக்கொள்ளுமுன் அதைப் பிடித்தபடி பேராசிரியர் வாசலில் நின்றார். ஆறு வருடத்துக்கு முன் கொட்டும் மழையில் அந்தக் கொடியைப் பறித்து வந்தவர் அவர்தான்.

"எழுதிட்டியா?"

"பூக்காம்பு சேர்ற இடத்துல பசை அப்பியிருக்கு சார். லேசா நனைச்சு எடுத்துப் பாத்தா..."

"உலகத்துலயே ஒரே தாள்மா! தண்ணி பட்டுது, தொலைச்சுடுவேன்."

"அப்ப இன்னொரு கொடி கிடைக்கிற வரைக்கும் பொறுக்கலாமே?"

"எங்கேருந்து கிடைக்கும்? அந்த மலைச்சரிவே இடிஞ்சு போச்சு. காதும் இருக்கு, மீசையும் இருக்கு. புது இனம்னு ஒரு வரி எழுத இவ்வளவு பயமா?" குரலை இறக்கினார். "பேரும் யோசிச்சு வெச்சுட்டேன். என் பேர்தான். நானே வெச்சுக்கிட்டா அசிங்கம், நீ வெச்சா கௌரவம். நீ பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி அனுப்பு, உன் பட்டத்துல நான் கையெழுத்துப் போடறேன். இல்லையா, இங்கேயே உக்காந்திரு." பிடித்திருந்த கையை எடுத்துவிட்டுப் போனார்.

கதவு டக்கென்று சாத்திக்கொண்டது.

பூவுக்கு அவர் பெயர், கட்டுரைக்கு இவள் பெயர். நாளைக்குத் தப்பென்று ஆனால் உலகம் சிரிக்கப்போவது எழுதியவளைப் பார்த்துத்தான். வேறு எந்த ஆய்வகமும் அவளை வாசலில்கூட ஏற்றாது.

கைபேசி ஒலித்தது. மகள்.

"அம்மா, அந்தப் பூ பேரு சொல்லிடுச்சா?"

"இன்னும் இல்லடா கண்ணு."

"அப்ப நீயே ஒரு பேர் வெச்சிட்டு வந்துடேன்மா!"

அவளுக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுதினாள்: காதும் மீசையும் ஒரே காம்பில், உலகம் இதுவரை காணாத புது மல்லிகை. பேராசிரியர் பெயரைச் சூட்டினாள், தன் பெயரைக் கீழே போட்டாள். அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

அரை மணியில் பேராசிரியரிடமிருந்து செய்தி வந்தது. 'பத்திரிகை ஆசிரியர் நம்ம ஆளுதான், உடனே ஏத்துக்கிட்டார். உலகம் பூரா சொல்லியாச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன், ஊருக்குப் போ.'

அவள் மணியை விடாமல் அடித்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். பதினோரு மாதத்தில் முதன்முறையாக நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

பசையக்கா கதவைத் திறந்து, சாவிக்கொத்தை வெளிப்பக்கப் பூட்டிலேயே தொங்கவிட்டு ஓடி வந்தாள். "பேர் வெச்சுட்டியாமே! காட்டு, காட்டு. அப்படி என்ன அதிசயம்?"

"இலையைப் பாருக்கா, காதுக்காரி. பூவைப் பாரு, மீசைக்காரி. உலகத்துல வேற எங்கேயும் இப்படிக் கிடையாது."

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தாள். பின்னால் கதவு டக்கென்று சாத்திக்கொண்டது.

"அட, இந்தத் தாளா?" அக்காவின் முகமெல்லாம் சிரிப்பு. "பூவெல்லாம் உதிர்ந்து மூளியா வந்துச்சேன்னு, நான்தான் பாப்பா வாசல் கொடியிலேருந்து ஒரு பூவைப் பறிச்சுக் காயவெச்சு ஒட்டினேன்!"