நூத்திப் பத்து

“இந்த வண்டியை இப்பவே பிரிச்சுப் போடுங்க!”

ஒர்க்‌ஷாப்புக்குள் கால் வைத்ததும் அவள் போட்ட சத்தத்தில் மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. ஆஸ்பத்திரி கோட்டைக்கூடக் கழற்றாமல் டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அவள் கை நீட்டிய வண்டி சுவரோரமாக நின்றது. உடம்பு முழுக்கக் கறுப்பு பெயின்ட், டேங்க்கில் நெருப்பு ஜுவாலை, பீரங்கி மாதிரி ஒரு சைலன்சர்.

“ஓ, அந்தப் பையனோட அம்மாவா? வாங்கக்கா. செயின் டைட் பண்ணணும்னு காலையில விட்டுட்டுப் போனான். தங்கமான பையன்.”

“அந்தத் தங்கத்தைத்தான் நீங்க உருக்கிட்டு இருக்கீங்க. நேத்து கூட்டாளிங்களுக்கு வீடியோ அனுப்பறான். மீட்டர்ல நூத்திப் பத்து! அவனுங்க நாலு பேரும் பதிலுக்கு நூத்திப் பதினஞ்சு, நூத்தி இருபதுன்னு அனுப்பறானுங்க. என் கண்ணால பாத்தேன்.”

“வயசு அப்படிக்கா.”

“அந்த வயசைத்தான் நான் தினமும் மேஜை மேல படுக்க வச்சுப் படம் எடுக்கறேன்!”

உடைந்த கை கால்களை எக்ஸ்ரே எடுப்பதுதான் அவள் உத்தியோகம். பாதிக்குமேல் பைக் கேஸ்கள். ஒத்தைப் பிள்ளை வண்டி வாங்கிய நாளிலிருந்து, ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போதெல்லாம் அவள் முதலில் பார்ப்பது சட்டையின் கலரைத்தான். அது மகனுடையது இல்லை என்று தெரிந்த பிறகே அடுத்த மூச்சு வரும்.

“பசங்க கேட்டா எதை வேணும்னாலும் மாட்டி விட்டுடுவீங்களா? உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா இல்லையா?”

“ரெண்டு பொண்ணுங்க இருக்காங்கக்கா.”

“அப்படியும் எப்படி மனசு வருது?”

மெக்கானிக் கோபித்துக்கொள்ளவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து ஹெல்மெட் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“ஏறுங்க. ஒரே ஒரு ரவுண்டு. திரும்பி வந்தும் பிரிக்கச் சொன்னீங்கன்னா, நானே நட்டு நட்டா கழட்டிடறேன்.”

“நானா? இதுலயா?”

“பயமா இருந்தா வேண்டாம்கா.”

அந்த ஒரு வார்த்தை போதாதா? ஹெல்மெட்டை வெடுக்கென்று வாங்கி மாட்டிக்கொண்டு, சின்னதாக ஒட்டியிருந்த பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

ஸ்டார்ட் செய்ததுமே எதிர்க்கடை ஷட்டர் அதிர்ந்தது. புறவழிச் சாலையைத் தொட்டதும் அவள் மெக்கானிக்கின் தோளுக்கு மேலாக மீட்டரை எட்டிப் பார்த்தாள். அறுபது. எண்பது. தொண்ணூறு. கண்களை இறுக மூடிக்கொண்டாள். என் பிள்ளை தினமும் இப்படித்தான் போகிறானா என்று நினைத்தபோது, பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

“போதும், நிறுத்துங்க!”

“முதல்ல கண்ணைத் திறந்து பக்கத்துல பாருங்கக்கா.”

திறந்தாள். மீட்டரில் தொண்ணூற்றாறு. பக்கத்தில் ஒரு மொபெட். பின்னால் முட்டைத் தட்டுகளை ஆளுயரத்துக்கு அடுக்கிக் கட்டியிருந்தது. ஓட்டியவர் ஒரு கொட்டாவி விட்டார். இவர்களைச் சாவகாசமாகத் தாண்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் மொபெட்டைப் பார்த்தாள். மீட்டரைப் பார்த்தாள். மறுபடி மொபெட்டைப் பார்த்தாள்.

“என்னங்க இது? முட்டை வண்டி நூறுலயா போகுது?”

மெக்கானிக் ஓரமாக நிறுத்த, இருவரும் இறங்கினார்கள்.

“இந்த மீட்டர் நான் மாட்டினது. சக்கரம் எவ்வளவு பெரிசுன்னு அதுக்கு நாமதான் சொல்லித் தரணும். நான் ரெண்டு மடங்கா சொல்லி வச்சிருக்கேன். அது நூறுன்னு காட்டினா நீங்க போறது அம்பது. சத்தம் மட்டும்தான் நிஜம்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஸ்ட்ரெச்சர் கண்ட நாளெல்லாம் நெஞ்சில் சுமந்த பாரம் சட்டென்று இறங்கிவிட்டது. இறங்கியதும் அம்மா புத்தி தலை காட்டியது.

“ஆனாலும் பாவம்ங்க. என் பிள்ளையை இப்படி ஏமாத்தியிருக்கீங்களே.”

“நானா ஏமாத்தினேன்? கேட்டு வாங்கினதே அவன்தான்! ‘அண்ணே, எழுபதைத் தாண்டினாலே எனக்குக் கை நடுங்குது. எங்கம்மாவுக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன். ஆனா பசங்க முன்னாடி மானம் போயிடக் கூடாது, ஏதாவது பண்ணுங்க’ன்னான்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் பிள்ளை, என் பிள்ளை என்று மனசு அடித்துக்கொண்டது. இத்தனை நாள் அவனைத் திட்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்து குத்தியது.

வண்டியில் திரும்ப ஏறப் போனவளுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம்.

“இருங்க. ஞாயித்துக்கிழமை அந்த அஞ்சு பேரும் ஒண்ணாத்தானே கிளம்பறாங்க? அந்த நாலு பேரும் நிஜமா நூத்தி இருபதுல பறக்கறவங்க. இவன் அம்பதுல உருட்டினா பின்தங்கிட மாட்டானா? குட்டு வெளிப்பட்டுடும்னு பயந்து அவங்களைத் துரத்த ஆரம்பிச்சான்னா?”

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார்.

“யாரும் பின்தங்க மாட்டாங்கக்கா. அந்த நாலு பேரும் தனித்தனியா வந்து, ‘அண்ணே, மத்தவனுங்களுக்கு மட்டும் தெரியவே கூடாது’ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டு, இதே மீட்டரைத்தான் மாட்டிட்டுப் போயிருக்கானுங்க!”