வெட்டச் சொன்ன இடம்

கோட்டைக்குப்பம் திருவிழாவுக்காகத் தேவதர்ஷினி எழுதிய நாடகத்தின் கதை 2090ஆம் ஆண்டில் நடக்கிறது. பேய்க்கதைகளைத் தடை செய்த அரசாங்கம், அந்த ஊர் ஏரியில் நிஜமாகவே இருக்கும் மோகினி மடுவைப் பற்றிக் கதை சொல்கிறவர்களைப் பிடிக்க ஒரு ரோபோவை அனுப்புகிறது.

ஊர்த்தலைவர் தருமலிங்கம் சரி சொன்னால்தான் மேடை. அவர் வாசலில் நின்றவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊரே வெறும் வலையோடு திரும்பிய அந்த வாரத்திலும் அவர் வீட்டில் மட்டும் இறால் பெட்டி பெட்டியாக ஐஸில் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஒரு எடத்த வெட்டணும்மா,” என்றார் தலைவர்.

“மோகினி வர்ற எடமா மாமா? பசங்க பயந்துக்கும்னா?”

“சேச்சே, மோகினி இருக்கட்டும். இன்னும் நாலு தபா வரட்டும். கடைசீல அந்த ரோபோ மடுவுல எறங்கித் தேடிட்டு, ‘இங்க மோகினியே இல்ல’ன்னு சொல்லுதே, அத்த எடுத்துடு.”

“அத்த எடுத்துட்டா கதையே இல்லியே மாமா!”

“அப்ப நாடகமே வாணாம்.”

கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

“எங்க நைனா கெளம்பிட்ட?”

“வலை போடற எடத்துக்குச் சீட்டுக் குலுக்குனாங்க. நமக்கு மோகினி மடு வுழுந்துடுச்சி. அங்க எவன் போவான்? எல்லாரும் செய்யற மாதிரி தலைவராண்ட வுட்டுக்குடுத்துட்டு வந்துடறேன். பயப்படாம அங்க வலை போடறது அவரு ஒருத்தர்தான்.”

தேவதர்ஷினி வாசலை மறித்து நின்றாள்.

“சட்டையக் கழட்டு நைனா. வலைய எடு, நானும் வரேன்.”