துண்டுக்குள் நான்கு விரல்

காளையை விற்றபோது அங்கே இருந்தவர்கள் மூவர்: விற்ற நாச்சிமுத்து, வாங்க வந்த அவருடைய தங்கை கணவர் அவிநாசியப்பன், தரகர் உசேன். கிணற்று மோட்டார் எரிந்து பயிர் வாடியதால்தான் நாச்சிமுத்து காளையைச் சந்தைக்கு ஓட்டிவந்திருந்தார். அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விற்பவரின் கையில் வாங்குபவர் பிடிக்கும் விரல்களே விலை; ஒரு விரலுக்குப் பத்தாயிரம். அந்தக் காளை மூன்று விரல் பெறும். அவிநாசியப்பன் நான்கைப் பிடித்தார். நாச்சிமுத்துவுக்கு முகம் சிவந்தது. தங்கை வீட்டுக்கு இங்கிருந்து சீர் போகும். அங்கிருந்து இதுவரை எதுவும் வந்ததில்லை. அவர் நான்காவது விரலை உருவினார். மாப்பிள்ளை மறுபடி பிடித்தார்.

“என்னங்க, துண்டுக்குள்ள மல்லுக்கட்டறீங்களா?” என்றார் உசேன்.

“மாப்பிள்ளைக்கு எண்ணத் தெரியலீங்க பாய்.”

“இருக்கட்டும் மச்சான், பயிரு காயுதுல்ல,” என்று முணுமுணுத்தார் அவிநாசியப்பன்.

அதைக் கேட்டதும் நாச்சிமுத்து மூன்றாவது விரலையும் சேர்த்து மடக்கிக்கொண்டார். இரண்டு விரல் பணத்தில் மோட்டார் ஓடாது என்று அவருக்குத் தெரியும். மாப்பிள்ளையின் காதருகே குனிந்து, “அந்த ஒண்ணு தங்கச்சிக்குச் சீருங்க,” என்றார்.

இரண்டு விரலுக்கே காளை கைமாறியது வெளியே தெரிந்ததும், அதற்கு ஏதோ சீக்கு என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். காளைக்கு ஒரு சீக்கும் இல்லை.