தேறாத துப்பாக்கி

"தேறலை," என்றான் கடைக்காரன் வெண்டல்.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற ஐனாரின் முகம் தொங்கிப்போனது. போன குளிர்காலம் தொடங்கி வீட்டு கராஜிலேயே கிடந்து, குழலை ஓரிடத்தில், மரக்கட்டையை ஓரிடத்தில் என்று வாங்கிச் சேர்த்து, தன் கையாலேயே கட்டிய ரைபிள் அது.

தூண்டில் புழு டப்பாக்களுக்குப் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த டுவேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் ஐனாரின் பக்கத்து வீட்டுக்காரன். நடந்ததைக் கண்ணால் பார்த்தவன்.

வீட்டில் கட்டிய துப்பாக்கியைக் கேஜ் போட்டுப் பார்க்காமல் சுடக்கூடாது என்பது அந்த ஏரிக்கரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். தோட்டா உட்காரும் இடத்தில் தோட்டா மாதிரியே கடைந்த இரும்பைப் போட்டு, பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை மூட வேண்டும். 'கோ' கேஜுக்கு மூட வேண்டும். 'நோ கோ' கேஜுக்கு மூடவே கூடாது. மூடினால் உள்ளே இடைவெளி அதிகம், சுடுகிறவன் முகத்திலேயே வெடித்தாலும் வெடிக்கும்.

சற்றுமுன் வெண்டல் ஐனாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் 'நோ கோ'வைப் போட்டான். ஒற்றை விரலால் அழுத்தினான். போல்ட்டின் பிடி பாதியிலேயே நின்றுவிட்டது. நல்ல துப்பாக்கி! அதைப் பார்த்துவிட்டும் கூசாமல் புளுகுகிறான்.

"நோ கோவுக்கும் மூடுது, ஐனார். குழலைக் கழட்டி மறுபடி மாட்டணும். இங்கேயே இருக்கட்டும்."

"நானே வீட்ல பார்த்துக்கறேனே."

"இப்படியே குடுத்தனுப்ப முடியாது. வச்சிட்டுப் போ."

ஐனார் சண்டை போடவில்லை. "சரி, அதனால என்ன," என்று தொப்பியை எடுத்துக்கொண்டான்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடு. ஆறு மணிக்கு நானே வண்டி எடுத்துட்டு வர்றேன். எங்க வீட்ல வேலரி காட்டரிசியும் கோழியும் சேர்த்து அடுப்புல வைக்கறா," என்றான் வெண்டல்.

திருடுகிறதையும் திருடிவிட்டு விருந்து வேறு! டுவேன் பல்லைக் கடித்தான். ஐனார் போய்க் கதவு சாத்தியதுதான் தாமதம், கோப்பையை ணங்கென்று வைத்தான்.

"உனக்கெல்லாம் வெக்கமே கிடையாதாய்யா?"

"ஏன்?"

"ஆகஸ்ட்ல அவன் ஷாட்கன்னை வாங்கி வச்சே, கட்டையில விரிசல்னு. போன மாசம் அவங்கப்பாவோட பழைய ரைபிள், துரு எடுக்கணும்னு. ரெண்டும் இன்னும் வீடு திரும்பலை. இப்ப இது! பிடி பாதியில நின்னதை நான் பார்த்தேன்யா!"

"பார்த்துட்டியா?" வெண்டல் கேஜுகளைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "ஆமா. என்னால கூட இவ்வளவு சுத்தமா கட்ட முடியாது."

ஒத்துக்கொள்கிறான் பாருங்கள், நெஞ்சழுத்தக்காரன்.

"நாளைக்கு மான் வேட்டை சீசன் ஆரம்பம். பொண்டாட்டி மார்லிஸ் செத்து ஆறு மாசம் ஆகலை, மனுஷன் நொந்துபோய்க் கிடக்கான். எரியற வீட்ல பிடுங்கினது லாபம்னு நீ கடை நடத்தறே. தூ! அவன் மனசு என்ன, உன் மனசு என்ன! போன வாரம், பனியில ஓட்டை போட்டு மீன் பிடிக்கற மெஷினை எனக்குச் சும்மா தூக்கிக் குடுத்தான் தெரியுமா? புத்தம் புதுசு!"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"யாரு, ஐனாரா?"

"பின்ன?"

"ஏரி உறையப் போற நேரத்துலயா?"

"ஆமாங்கறேன்."

வெண்டல் ரைபிளை எடுத்துப்போய் உள்ளறை இரும்பு அலமாரியில் மற்ற இரண்டோடு வைத்துப் பூட்டினான். கோட்டை மாட்டிக்கொண்டு, கடைக் கதவில் தொங்கிய அட்டையை 'மூடியாச்சு' பக்கம் திருப்பினான்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம எங்கய்யா ஓடறே?"

"டுவேன், இந்த ஊர்ல மான் சுட லைசென்ஸ் எங்க விக்கறாங்க?"

"உன் கடையிலதான். வேற எங்க?"

"வருஷா வருஷம் முதல் லைசென்ஸ் யாருக்கு?"

"ஐனாருக்கு. நீ கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிப்பான்."

"இந்த வருஷம் இன்னும் வாங்கலை. நேத்தும் கேட்டேன், இன்னிக்கும் கேட்டேன். 'எனக்கு வேண்டாம், வெண்டல்'னு சிரிக்கறான்." வெண்டல் கோட்டுப் பையில் சாவியைத் தேடினான். "மானுக்குப் போகாதவன் எதுக்கு அவசர அவசரமா துப்பாக்கியை முடிச்சு எடுத்துட்டு வர்றான்?"

டுவேன் உள்ளறை இரும்பு அலமாரியைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒவ்வொண்ணா சாக்கு சொல்லிப் பிடுங்கி வச்சேன். இப்ப மெஷினையும் குடுத்துட்டான்னா, இனிமே சாக்கு சொல்லிட்டு இருக்க முடியாது. ஆறு மணி வரைக்கும் காத்திருக்கவும் முடியாது. இப்பவே போய், உசிரை விடற எண்ணமான்னு நேராவே கேட்டுடறேன்."

வாசல்படியில் ஒரு கணம் திரும்பினான்.

"பக்கத்து வீட்டுக்காரன் நீ. அவன் அந்த மெஷினைத் தூக்கிக் குடுத்தப்போ ஒரு வார்த்தை கேட்கலையா?"

டுவேன் கேட்கத்தான் செய்திருந்தான்.

அந்த மெஷினை வைத்து இழுக்கும் சறுக்குவண்டியையும் சேர்த்துத் தருவாயா என்று.