நான்கு நொடிக் காடை

அறிவிப்பாளர் வாய் மூடும் இடத்திற்காக அவள் காத்திருந்தாள்.

நான்கே நொடிகள். அதற்கு முன்னும் பின்னும் அவருடைய குரல்தான்.

கைபேசித் திரையில், கம்பங்கொல்லையின் ஓரத்தில், ஒருவர் குந்தியிருக்கிறார். தலையில் துண்டு. எதிரே, கதிர்களுக்கு நடுவே, விரித்து நிறுத்திய வலை. அவருடைய உதடுகள் அசைகின்றன. அவர் சொல்வதை அறிவிப்பாளர் சொல்கிறார்.

“கரிசல் நிலத்து உழவர் ஒருவர், காடை பிடிக்கும் முறையை நமக்கு விளக்குகிறார்.”

அக்காலத்தில் ஊர்ப்புறத்தைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அவ்வாறே தயாரிக்கப்பட்டன. ஊரார் வாயசைத்தார்கள். நிலையத்தார் பேசினார்கள்.

அந்த ‘உழவர் ஒருவருக்கு’ப் பெயர் உண்டு. கருத்தப்பாண்டி. அவளைப் பெற்றவர். அவள் ஐயா என்று அழைத்தவர்.

படம் பிடித்த ஐந்தாம் மாதம் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோயிற்று. ஏழாம் மாதம் நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. பஞ்சாயத்துத் தொலைக்காட்சியின் முன்னே ஊரே கூடியது. அவளுடைய அம்மா மட்டும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. யாரோ ஒரு புண்ணியவான் பழைய நாடாவிலிருந்து அதை எடுத்து இணையத்தில் ஏற்றியிருந்தார். தம்பி கொம்பையா கோவில்பட்டியிலிருந்து அனுப்பிவைத்தான்.

கீழே நூற்றுக்கணக்கான கருத்துகள்.

‘அந்தக் காலம் திரும்ப வராது.’

‘என்ன கணீர்க் குரல்! இப்போதும் இருக்கிறார்களே அறிவிப்பாளர்கள்!’

‘காடை வறுவல் ஞாபகம் வருது.’

குந்தியிருப்பவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஐயாவின் முகம் அவளுக்கு மறக்கவில்லை. நடை மறக்கவில்லை. பீடி மணம்கூட மறக்கவில்லை. குரல்தான் எங்கேயோ போய்விட்டது. எந்த ஆண்டில் போயிற்று என்பதும் தெரியவில்லை.

ஆகவே அந்த நான்கு நொடிகள்.

“இதோ, காடையின் இயற்கையான குரலைக் கேளுங்கள்!” என்கிறார் அறிவிப்பாளர்.

விட். விட். விட்.

மனிதர் பேசியதையெல்லாம் அழித்தவர்கள், பறவை என்று எண்ணி அதை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அது பறவை அன்று.

மூன்றாவது ஒலியில் காற்று சற்றே கசிகிறது. ஐயாவுக்கு மேல்வரிசையில் ஒரு பல் கிடையாது.

கொம்பையாவிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

“யக்கா, காடைன்னு அந்தாளே சொல்லுதாரு. ஒனக்கு எதுக்கு வம்பு?”

அப்போது அவன் கைக்குழந்தை. அவனுக்கு என்ன தெரியும்?

அவளுக்குத் தெரியும். அவளுக்கு வயது ஒன்பது. வேட்டையில் அவளுக்கும் பங்கு இருந்தது. வலைக்கு இப்பால் ஐயா ஆண்காடையாகக் கூப்பிடுவார், மூன்று. வலைக்கு அப்பால் நின்று அவள் பெட்டையாக மறுமொழி தருவாள், இரண்டு. கொல்லைக்குள் இருக்கும் சேவல் காடைக்கு அது பொறுக்காது. நடுவே ஓடிவரும். வலையில் விழும்.

அவள் மறுமொழி தராமல் ஒரு காடையும் விழுந்ததில்லை.

அன்று நிலையத்து அதிகாரி அவளுடைய தோளைப் பற்றி ஓரமாக நிறுத்தினார்.

“பாப்பா, கேமரா ஓடும்போது மூச்! சத்தமே வரக்கூடாது, சரியா?”

சரி என்று தலையாட்டினாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐயா மூன்று முறை கூப்பிட்டார்.

பிறகு திரும்பினார்.

திரையில் அது இருக்கிறது. அவர் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறார். புருவம் உயர்கிறது. காத்திருக்கிறார். அவர் பார்க்கும் இடத்தில் யாரும் தெரியவில்லை. படச்சட்டம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அங்கேதான் அவள் நின்றாள்.

அன்று வலை வெறுமையாகத் திரும்பியது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஐயா முன்னே நடந்தார். வாசல் வந்ததும்தான் வாய் திறந்தார். என்ன சொன்னார் என்பது நினைவிருக்கிறது. “பதில் சொல்லிருக்கலாம்ல, தாயி.” ஆனால் அவள் நினைவில் அதைச் சொல்லுவது அவளுடைய சொந்தக் குரல்.

ஆவடியில் இரண்டாவது மாடி. பிற்பகல் மூன்று மணி. ஒரு மாதமாக நாள் தவறாமல் இந்த நேரத்தில் இதைப் பார்க்கிறாள். கணவர் சமையலறையில் தேநீர் போடுவார். சத்தம் கேட்டதும் அங்கிருந்தே கேலி செய்வார்.

“என்ன, மாமனார் வந்தாச்சா? அவருக்கும் ஒரு தம்ளர் வைக்கவா?”

இன்று அவள் ஒலியை முற்றிலும் அணைத்தாள்.

அறிவிப்பாளர் ஊமையானார். ஐயாவோடு அவரும் சமமானார். அந்தக் கணீர்க் குரல் இல்லாத கொல்லை, அவளுக்குத் தெரிந்த கொல்லையாகவே இருந்தது.

ஐயாவின் கன்னம் குழிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

திரும்பினார். புருவம் உயர்ந்தது.

அவள் நாவை மேலண்ணத்தில் ஒட்டினாள். நாற்பத்தேழு வயது நா. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு வந்தது.

விட். விட்.

சமையலறையில் கரண்டி நின்றது.

“ஏம்மா,” என்றார் கணவர். “மொதல்ல மூணு, அது தெனமும் கேக்குறதுதான். பின்னாடியே ரெண்டு கேட்டுச்சே, அது யாரு?”

அவள் திரையைப் பார்த்தாள்.

ஒலி அணைக்கப்பட்டதன் குறி, மூலையில், அப்படியே இருந்தது.